புள்ளைய யார் பாத்துக்கறா?

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம் முதல் வாரம் முழுக்க எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். லிஃப்டில் பார்த்தவர் கேட்பார், கேன்டீனில் டீ ஊற்றுகிற அக்கா கேட்பார், மேலாளரும் அக்கறையோடு கேட்பார்: "புள்ளைய யார் பாத்துக்கறா?" குழந்தையின் அப்பா பிரசவமான சில நாளிலேயே வேலைக்குப் போயிருப்பார். அவரிடம் ஸ்வீட் கேட்டிருப்பார்கள். இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வியில் தப்பில்லை. வேலைக்குப் போகும் இளம் தாயின் ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்விக்கு அன்றைக்குக் கிடைக்கும் பதிலில்தான் விடிகிறது. சட்டம் போடுபவர்கள், கம்பெனி நடத்துபவர்கள், ஊராட்சியும் மாநகராட்சியும் நடத்துபவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை ஒருத்தி தலையில் மட்டும் இறக்கிவைத்திருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தியாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், ஆம்பூரில் ஷூ, திருப்பூரில் பனியன். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளும், தி.நகர் ஜவுளிக்கடைகளும், தனியார் பள்ளிகளும், ஆஸ்பத்திரிகளும் இந்தக் கணக்கில் வராதவை. பெண்கள் வேலைக்குப் போவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இது. பெருமைப்படக் காரணமும் இருக்கிறது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள் என்பது மட்டும் யாருடைய திட்டத்திலும் சரியாக ஏறவில்லை.

26 வாரக் கணக்கு

1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும்; பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. 26 வாரமும் சம்பளம் உண்டு. அந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது; இந்த உரிமைகள் அதிலும் தொடர்கின்றன. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொருந்தும் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்புச் சட்டமே கிடையாது. அதோடு பார்த்தால் நம் சட்டம் நல்ல சட்டம்.

ஆனால், கையில் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். அப்படி எடுத்தால் மிச்சம் 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சம். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். சுவரில் இருப்பதும் சட்டத்தில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டுமென்றால் ஒரே வழிதான்: வலி எடுக்கும்வரை வேலைக்குப் போக வேண்டும்.

போகிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடக்கிறது. ஐந்து வகை சாதமும் கட்டிக்கொடுக்கிறார்கள். திங்கள்கிழமை காலை அந்தப் பெண் கை நிறைய கண்ணாடி வளையலோடு தாம்பரம் மின்சார ரயிலில் நிற்கிறாள். கால் வீங்கி, இருக்கும் செருப்பெல்லாம் இறுக்கிப் பிடிக்க, வீட்டுக்காரருடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: லீவை இப்பவே கரைச்சுட்டா புள்ளைக்கு என்ன மிச்சம் இருக்கும்? குழந்தை பிறக்கும் முன்பே தன் ஓய்வை எடுத்து அதற்குச் சேமித்துவைக்கிறாள்.

ஒரே தெருவில், ஒரே மாதத்தில் குழந்தை பெற்ற மூன்று பெண்களுக்கு மூன்று விதி. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு ஒரு வருடம்; தமிழக அரசு தன் ஊழியர்களுக்கான விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதம் ஆக்கியது. கம்பெனிக்காரிக்கு 26 வாரம். வீட்டு வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. அவருக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பெரிய உதவிதான். ஆனால் அது தவணை தவணையாக வருவதற்குள் இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ அவர் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார். ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள் நிலைமை இன்னும் மோசம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலம் சட்டம் போட்டதே 2021-ல்தான். அவர்களில் பலர் விடுப்பு கேட்பதில்லை. வேலையை விட்டுவிட்டு, குழந்தை வளர்ந்த பிறகு வேறு கடையில் புது ஆளாகச் சேர்கிறார்கள்.

இருக்கிற விடுப்பை வாங்குவதற்கும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதைக் காட்டி, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. பச்சை உடம்புக்காரி கோர்ட் படி ஏறியிருக்க வேண்டாம்.

கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை

பால் சுரப்பதற்கு ஒரு நியதி இருக்கிறது. எடுக்க எடுக்கச் சுரக்கும். எடுக்காமல் விட்டால் உடம்பு தானே குறைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் பதினொரு மணிக்கு மார்பு கனக்கத் தொடங்கும். ஒரு மணிக்குத் தொட முடியாது. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது யாருடைய போனிலோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் போதும், சுரந்து ரவிக்கையை நனைத்துவிடும். அதற்காகவே கறுப்பிலும் கருநீலத்திலும் துணி உடுத்தி, மேலே கனமான துப்பட்டா போட்டுக்கொண்டு வருகிற பெண்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும். பால் கட்டினால் நெறி கட்டும், குளிர்ஜுரம் வரும், சில சமயம் சீழ் பிடித்து ஆபரேஷன்வரை போகும்.

நான் திரும்பிப் போன அலுவலகத்தில் இதற்கென்று அறை கிடையாது. கழிப்பறை இருந்தது. குழந்தை குடிக்கப்போகும் பாலைக் கழிப்பறையில் வைத்து எடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் பழைய பைல்கள் அடுக்கிய ஓர் அறையின் சாவி கிடைத்தது. கண்ணாடிக் கதவு. உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டினோம். உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி வெளியே "உள்ளே ஆள் இருக்கிறது" என்று எழுதித் தொங்கவிட்டாள். பம்ப்பை எடுத்து, அதன் வாயைத் துடைத்து, இரண்டு பக்கமும் எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். குழந்தையின் போட்டோவைப் போனில் பார்த்துக்கொண்டே எடுத்தால் நன்றாக வரும். இதை எனக்குச் சொன்னது ஒரு நர்ஸ், உண்மைதான். முடித்ததும் பாட்டிலில் தேதியும் மணியும் எழுதி ஒட்டி, துணிப்பையில் சுற்றி, எல்லோருடைய தயிர்சாத டப்பாவும் இருக்கும் ஃப்ரிட்ஜில் பின்பக்கமாகத் தள்ளிவைக்க வேண்டும்.

எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும் என்பார்கள். சித்திரை மாதச் சென்னையில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் ஐஸ் ஜெல் பையோடு பயணம். சாயங்காலம் ரயில் நின்றுவிட்டால் மனசு கைப்பைக்குள்தான் இருக்கும். அதில் இருப்பது நாளைக்குக் காலை பத்து மணிக்குக் குழந்தை குடிக்க வேண்டிய பால்.

இந்த நேரத்தைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக, நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. 1961-லேயே எழுதிவைத்தது. எவ்வளவு நேரம் என்பதை விதிகளுக்கு விட்டுவிட்டார்கள்; கால் மணி நேரம் என்பதுதான் வழக்கமாக எழுதப்படுகிறது. பம்ப் வைத்து எடுப்பவருக்கு அது போதாது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்த காட்சி வேறு: குழந்தை பக்கத்துக் கட்டடக் காப்பகத்தில் இருக்கும், தாய் நடந்து போய்ப் பாலூட்டிவிட்டு வருவாள். காப்பகம் இல்லாமல் இடைவேளையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டும் சேர்ந்தே வர வேண்டியவை.

பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறைகளை 2015 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்தது. கைக்குழந்தையோடு பயணம் போகிற பெண்ணுக்கு ஓர் அறை வேண்டும் என்று அன்றைக்கே ஓர் அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் ஓர் அறை வேண்டும் என்பது பல பெரிய அலுவலகங்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

அம்மா வந்திருக்காங்க

அந்த முதல் கேள்விக்கு, "ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க" என்று பதில் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த அம்மா எதை விட்டுவிட்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

என் அம்மா மன்னார்குடிப் பக்கம் ஜாக்கெட் தைப்பவர். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷின் ஓடும். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். என் பிரசவத்துக்கு வந்தவர் இன்னும் சென்னையில் இருக்கிறார். அளவு ஜாக்கெட்டை அவரிடமே கொடுத்துவைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள் என்று அப்பா போனில் சொன்னார். அப்பா காலையில் ஒரு சோறு, ஒரு ரசம் வைத்து அதையே ராத்திரிவரை சாப்பிடுகிறார். என் சம்பளத்துக்காக அம்மா தன் வருமானத்தை விட்டிருக்கிறார். இந்தக் கணக்கு எந்தப் பொருளாதார ஆய்விலும் வராது.

காலையில் எங்கள் வீட்டில் நடக்கிற பேச்சு இது.

"மேல் தட்டுல இருக்கறது நேத்து சாயங்காலத்துப் பால்மா. அதை முதல்ல குடுத்துடு. அடுப்புல வெக்காத, வெந்நீர்ல வெச்சு எடு."

"தெரியும்டி. நீ கெளம்பு."

"பாட்டில் வேணாம்மா, பாலாடையிலேயே குடு."

"ஒன்னை நான் சங்குல வளத்தவ. எனக்குப் பாலாடை சொல்லித் தரியா? ட்ரெயின் போயிடும், போ."

எட்டுக் கிலோக் குழந்தையைக் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டு ஆட்டுவதற்குள் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். குழந்தை தூங்கும் நேரத்தில்தான் அவர் குளிப்பார்; மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு மேல். ஊரில் இருந்தால் அந்த நேரத்துக்கு நாலு பேர் திண்ணையில் வந்து உட்காருவார்கள். இங்கே மூணாவது மாடி. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பேரப்பிள்ளையிடம் ஆசை இருக்கிறது, மகளிடம் பாசம் இருக்கிறது, அதனால் எல்லாம் சுகமாகவே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆசையும் பாசமும் முட்டிவலியைப் போக்குவதில்லை.

இந்த ஏற்பாட்டில் வரும் சண்டைகளையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, ஒரு வயதுவரை தேன் கூடாது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது என்பார் டாக்டர். ஊரிலிருந்து வந்த பையில் உரைகல் இருக்கும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் வேகவைத்துக் காயவைத்துத் தயாராக இருக்கும். வீட்டுக்கு வீடு இந்த மோதல் நடக்கிறது. மகள் பகலில் அலுவலகத்தில் இருக்கிறாள். குழந்தை வயிறு உப்பிக் கதறும்போது தூக்கிவைத்துக்கொண்டு நிற்பவர் பாட்டி. டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் முடியாது. அது கைக்குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து. ஆனால் அதைப் போனில் கத்திச் சொல்வதில் பயனில்லை. தடுப்பூசி போடப் போகும்போது பாட்டியையும் அழைத்துப்போய் டாக்டர் வாயாலேயே கேட்கவைக்க வேண்டும். முழுநாளும் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளமும் கிடையாது, பேச்சுக்கு மரியாதையும் கிடையாது என்றால் அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்?

அம்மா ஆறு மாதம், அத்தை ஆறு மாதம் என்று முறைவைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கும்போதே இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவைக்கிறார்கள். ஒருவர் வந்து இறங்கி மற்றவர் ஏறும் அந்த ஒரு நாள் தவறினால் அந்தப் பெண் லீவு போட வேண்டும்.

ஊரில் வளரும் பிள்ளை

பாட்டி வர முடியாத வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத் திருப்பூரில் பார்க்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள். புருஷன் கட்டிங், மனைவி ஓவர்லாக். மாமியாரும் சும்மா இல்லை. கைமடி, செக்கிங், பிசிறு வெட்டுவது என்று ஏதாவது ஒரு வேலையில் இருப்பார். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். ஒரு ஷிப்டோடு வந்துவிட்டால் வாடகை கட்ட முடியாது.

அதனால் குழந்தை ஊருக்குப் போகிறது. ஆறேழு மாதக் குழந்தையை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்குப் பால் சுரந்துகொண்டே இருக்கும். நாலைந்து நாள் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மெஷினில் உட்காருவாள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று லைன் வீட்டில் யாராவது பூ வாங்கி வந்து கொடுப்பார்கள். பிறகு சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் வீடியோ கால், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊர். பேசத் தொடங்கும்போது குழந்தை அம்மாச்சியைத்தான் "அம்மா" என்கிறது. பெற்றவளை "திருப்பூர் அம்மா" என்று சொல்லப் பழக்குகிறார்கள். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் அழைத்துவந்தால் ராத்திரியெல்லாம் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுகிறது. இதை அந்தப் பெண்கள் அழாமல் சொல்வார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

இத்தனைக்கும் இவர்களில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு விடுப்புச் சம்பளத்தில் பெரிய பிரச்சினை இல்லை. மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். 70 நாள் சந்தா கட்டியிருந்தால் 26 வாரமும் முழுக்கூலி கணக்கில் பணம் வரும். அதைத் தருவது இ.எஸ்.ஐ. நிறுவனம், முதலாளி கையிலிருந்து போவதில்லை. கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு வருபவர்கள், பெயரே பதிவாகாதவர்கள், நடுவில் கம்பெனி மாறிச் சந்தா விட்டுப்போனவர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள். அட்டை இருப்பவருக்கு விடுப்பு கிடைத்துவிடுகிறது. 27-வது வாரம் என்ன செய்வது என்பதற்கு அந்த அட்டையில் பதில் இல்லை.

அந்த ஒன்றரை வருடம்

26 வார விடுப்பு முடியும்போது குழந்தைக்கு அதிகபட்சம் ஆறு மாதம். நம் அங்கன்வாடியில் சேர்க்க இரண்டு வயது ஆக வேண்டும். அதுவரை சத்துமாவு பாக்கெட் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஒன்றரை வருடம்தான் தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகம் வேலையை விடும் காலம் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொரு குடும்பமும் சொல்கிறது. தவழும், எதை எடுத்தாலும் வாயில் போடும், படி ஏறும், பேச்சு வரும், மாதத்துக்கு ஒரு தடவை சளி பிடிக்கும் வயது அது. ஒரு நிமிடம் கண்ணை எடுக்க முடியாது.

அதற்கும் சட்டம் இருக்கிறது, அதுவும் பழைய சட்டம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கும் அதைச் சொன்னது. வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மலை ஏறினார்கள். 2017 திருத்தம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும் என்றது. அந்த 50-ல் ஆண்களையும் சேர்த்தது. பெண்களை மட்டும் எண்ணினால், எண்ணிக்கை தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? தாய் நாளுக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் எழுதியது.

சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதனைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1972-ல் அவர் தலைமையில் இருந்த குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் பற்றித் தந்த அறிக்கைதான் 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு, அதாவது இன்றைய அங்கன்வாடிக்கு, அடித்தளங்களில் ஒன்று. 1985-ல், ஏழை உழைக்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்த நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று ஒரு தனி ஆய்வே எழுதினார். 2022-ல் மறையும்வரை தாயின் உழைப்பையும் குழந்தையின் தேவையையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கன்வாடி வளர்ந்தது, கைக்குழந்தைக் காப்பகம் மட்டும் பின்தங்கிப்போனது.

ஏன் என்பதற்கு நான் காணும் காரணங்களில் ஒன்று இடம். சட்டம் காப்பகத்தை வேலை செய்யும் இடத்துக்கு அருகே நினைக்கிறது. காலை எட்டு மணி பஸ்ஸில், மின்சார ரயிலில், கம்பெனி வேனில் எட்டு மாதக் குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பெரிய ஆறுதல். ஆனால் அந்த நேரத்தில் நிற்கவே இடம் கிடையாது. குழந்தை இருக்க வேண்டிய இடம் வீட்டுக்குப் பக்கம், நடக்கும் தூரம். மத்திய அரசின் பால்னா திட்டம் 2022-லிருந்து அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தச் சொல்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. யோசனை சரியானது. அது ஒவ்வொரு தெருவுக்கும் வந்து சேர வேண்டும்.

காசு யாருடையது?

இன்னொரு காரணம் பணம். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணின் 26 வாரச் சம்பளத்தையும் அவளுடைய நிறுவனமே தர வேண்டும். காப்பகச் செலவும் அதன் தலையில்தான். பெரிய கம்பெனி தாங்கும். இருபது பேர் வேலை செய்யும் அலுவலகம் என்ன செய்கிறது? இன்டர்வியூவில், "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ?" என்று கேட்கிறது. பதிலைப் பொறுத்து, "சொல்லி அனுப்பறோம்" என்கிறது. உரிமை தந்த சட்டமே வேலை கிடைக்காமல் போகக் காரணமாகும் நிலை இது.

இது முன்பே தெரிந்த சிக்கல். 1928-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்க வேண்டியதுதான் என்பதை ஒப்புக்கொண்டே, அதுவரை முதலாளிகள் தருவதும் நியாயம் என்றார். அடுத்த ஆண்டு அங்கே சட்டம் வந்தது. 1934-ம் ஆண்டுச் சட்டமாக நம் சென்னை மாகாணத்திலும் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ம் ஆண்டு உடன்படிக்கையும், இந்தச் செலவைச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ தர வேண்டும், முதலாளி ஒருவர் மேல் மட்டும் சுமத்தக் கூடாது என்கிறது. திருப்பூர் டெய்லருக்கு இ.எஸ்.ஐ. செய்வதை மற்ற பெண்களுக்கும் செய்ய ஒரு பொது நிதி வேண்டும். ஆண், பெண் எல்லோர் சம்பளத்திலிருந்தும் எல்லா முதலாளிகளிடமிருந்தும் சிறு தொகை போனால், பெண்ணை வேலைக்கு எடுப்பவர் மட்டும் செலவு செய்கிறார் என்ற நிலை போகும்.

அப்பாக்களுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியாரில் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. தரும் கம்பெனி தன் விருப்பத்தில் தருகிறது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத் தடுப்பூசிகள் தாய் விடுப்பில் இருக்கும்போதே முடிந்துவிடும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வரும்போது அவள் வேலைக்குத் திரும்பியிருப்பாள். ஊசி போடும் அந்தப் புதன்கிழமை லீவு போடுவது யார் என்று பாருங்கள். அந்த ராத்திரி காய்ச்சலில் முனகும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது யார் என்று பாருங்கள். சில வீடுகளில் மாறியிருக்கிறது. என் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் பால் கொடுத்ததும் ஏப்பம் விடவைத்துத் தூங்கப்போடும் வேலை அவருடையது. காலையில் பாலாடையும் பம்ப்பும் வெந்நீரில் போட்டு எடுப்பதும் அவர்தான். அதனால்தான் ஆறு மணிக்கு என்னால் எழுந்து நிற்க முடிகிறது.

விடுப்பு முடிந்து திரும்பப் போகிறவர்கள் சில காரியங்களை இப்போதே செய்யலாம். பாலூட்டும் இடைவேளை இரண்டும் வேண்டும் என்று வேலைக்குச் சேரும் முன்பே மெயிலில் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையில் கேட்டால் தயவாகிவிடும். தாழ்ப்பாள் உள்ள அறை, ஒரு பிளக் பாயின்ட், ஒரு நாற்காலி என்று பட்டியலாகவே எழுதுங்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையென்றால், விடுப்புக்குப் பிறகு அப்படிச் செய்ய முதலாளியோடு பேசி முடிவுசெய்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் அது சட்டவிரோதம். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் தரலாம். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், காப்பகம் எங்கே என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகக் கேளுங்கள். ஆண்களும் கூடக் கையெழுத்துப் போடட்டும், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

திருப்பூரின் சிறு யூனிட்டுகளில் பலவற்றில் 50 பேர் கிடையாது. ஒரு தெருவில் இருபது பேர், முப்பது பேர் என்று பத்து யூனிட் இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அதில் எதிலும் காப்பகம் தேவையில்லை. ஆனால் அந்தத் தெருவில் மொத்தம் 250 பேர் வேலை செய்கிறார்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தலாம் என்று புதிய தொகுப்புச் சட்டமே சொல்கிறது. மாநகராட்சி இடம் தரட்டும், யூனிட்டுகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடட்டும், மீதியை அரசு போடட்டும். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் எதையாவது கொடுக்காமல், பயிற்சியும் மாதச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யும் கொடுக்க வேண்டும். லைன் வீடுகளுக்கு நடுவிலேயே அது இருக்க வேண்டும். பள்ளிக்கூட நேரத்துக்குத் திறந்து மாலையில் பூட்டினால் அங்கே ஒரு குழந்தையும் வராது. காலை எட்டு மணிக்குத் திறந்து, ஒன்றரை ஷிப்ட் முடிந்து கடைசித் தாய் வந்து சேரும்வரை, ராத்திரி எட்டரை ஆனாலும் விளக்கு எரிய வேண்டும்.